ஒரு ரிங்

எதற்கும் முன்கூட்டியே ஒரு வழி வைத்திருப்பவள் ஃபிர்தௌஸ். சித்திரை வெயிலிலும் பையில் குடை இருக்கும். வீட்டுச் சாவி மூன்று பேரிடம் இருக்கும். "ஆகாத காலம் உன்னக் கேட்டுக்கினா வரப்போவுது?" என்று அம்மா சைதுன் கேலி செய்வாள். கேட்டுக்கொண்டு வராதுதான், வந்தால் என்ன செய்வதென்று யோசித்து வைக்கலாமே என்பது மகளின் கட்சி.

அந்தக் குணத்துக்கு ஏற்ற வேலையும் காஞ்சிபுரத்திலேயே கிடைத்தது. தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன் கம்பெனியில், எது நடந்தால் அடுத்து எது நடக்க வேண்டும் என்று கட்டமும் அம்புக்குறியுமாகப் படம் போட்டுக் கொடுக்கும் வேலை. டயர் வெடித்தால் இந்த அம்பு, சாலை மறியல் என்றால் அந்த அம்பு, கருட சேவைக் கூட்டத்தில் ஊரே அடைத்துக்கொண்டால் இன்னொன்று. கம்ப்யூட்டர் அந்தப் படத்தின்படியே வண்டிகளைக் கவனித்துக்கொள்ளும்.

ஒரே தொல்லை டிரைவர்கள். வண்டி சேர்ந்ததும் போனில் பொத்தானை அமுக்குங்கள் என்றால் காதில் வாங்குவார்களா? கடைசிப் பெண்ணை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஆபீசுக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள். வந்து சேர்ந்தாச்சு என்று அதற்கு அர்த்தம்; வருஷக்கணக்கான பழக்கம். ஊரோடு ஒத்து வாழ் என்று ஃபிர்தௌஸ் அதையே படத்தில் ஏற்றினாள். மிஸ்டு கால் வந்தால் பயணம் முடிந்தது, பச்சை. வராவிட்டால் சிவப்பு, உடனே ஆள் ஓட வேண்டும். டிரைவர்களுக்கு வாயெல்லாம் பல். அவர்களில் மூத்தவரான ஜான் பாஷா, "நம்ம கஷ்டம் தெரிஞ்ச பொண்ணுபா" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

கார்த்திகை மாதம், அடைமழை. ஏரியெல்லாம் நிரம்பிக் கோடி போய்க்கொண்டிருந்த ஒரு பிற்பகல். ஜான் பாஷாவின் வேனில் மிச்சம் இருந்தது தேவிப்ரியா ஒருத்திதான். திருமுக்கூடல் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. வழியில் இருந்த தரைப்பாலத்தில் கணுக்காலளவு தண்ணீர்தான் ஓடியது. பாதி தாண்டுவதற்குள் இடுப்பளவானது. இன்ஜின் நின்றது. ஜான் பாஷா ஆபீசுக்குப் போன் போட்டார். ஒரு ரிங் போனது. சிக்னல் செத்தது.

ஆபீசில் பச்சை விழுந்தது. பச்சையானவற்றைத் திரையிலிருந்து ஒதுக்கிவிடும்படி அமைத்தவளும் ஃபிர்தௌஸ்தான், ஆபத்தில் இருப்பது மட்டும் கண்ணில் படட்டும் என்று. திரையில் சிவப்பே இல்லை. நிம்மதியாக டீ குடித்தாள்.

பொழுது சாய்ந்தபின் தேவிப்ரியாவின் அம்மா ரேணுகாம்பாள் போன் செய்து, "எம் பொண்ணு இன்னும் வரலியேம்மா" என்று அழுதபோதுதான் ஆட்கள் ஓடினார்கள். கருவேல மரமொன்றைக் கட்டிப்பிடித்தபடி தேவிப்ரியா கிடைத்தாள். அவளை மரத்தில் ஏற்றிவிட்ட ஜான் பாஷா, இரண்டு நாள் கழித்துக் கோரைப்புதரில் கிடைத்தார்.

முதலாளி லோகேஸ்வரன் ஃபிர்தௌஸைக் கூப்பிட்டுப் பேசினார். "உன் படத்துல ஒரு குத்தமும் இல்லமா. நீ போட்ட மாதிரியேதான் வேலை செஞ்சிருக்குது. தண்ணில எறக்கினது பாயோட புத்தி." ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் தேவிப்ரியா ஃபிர்தௌஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரிங் போச்சுக்கா, நானே கேட்டேன். 'இந்நேரத்துக்குள்ள நாம எப்டி ஊடு சேந்திருப்போம், ஃபிர்தௌஸ் பாத்தா புரிஞ்சிக்கும், ஆள அனுப்பும், மரத்த வுடாதம்மா'ன்னு பாய் சொல்லிக்கினே இருந்தாரு. ரொம்ப நேரம் சொல்லிக்கினே இருந்தாருக்கா."

பார்த்தால் புரிந்திருக்கும், உண்மைதான். பார்க்கவே தேவையில்லை என்று படம் போட்டவள் அவள்.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் ஜான் பாஷாவின் கடைசிப் பயணத்தைத் தேடி எடுத்தாள். பச்சையாக இருந்தது. 'பத்திரமாகச் சேர்ந்தது' என்றது திரை. அதையாவது சிவப்பாக்கிவிடலாம் என்று எத்தனையோ முறை முயன்றாள். முடிந்த பயணத்தை மறுபடி திறக்கப் படத்தில் ஒரு அம்புக்குறி இருக்க வேண்டும். ஆகாத காலத்துக்கெல்லாம் அம்பு வரைந்தவள், அதை மட்டும் வரையவே இல்லை.