மேற்குப் பக்கத்துக் கடல்

சூடேறிய கணினியின் பிளாஸ்டிக் வாடையும் கருவாட்டு வாடையும் ஒன்றாகக் கலந்து வரும்போது, அது எந்த ஊராக இருந்தாலும், என் வலது கைச் சுட்டுவிரல் தானாக ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. திருவொற்றியூர்த் தேரடிக்குப் பின்னால், இரண்டு கருவாட்டுக் கடைகளுக்கு நடுவே கமால் பாய் நடத்திவந்த 'கேம் கடை'யில்தான் ஆறாம் வகுப்புக் கோடை விடுமுறை முழுவதையும் கழித்தேன். அங்கிருந்த நான்கு கணினிகளும் ஒரே உலகத்தில் இணைக்கப்பட்டிருந்தன. சதுரக் கட்டைகளால் ஆன அந்த உலகத்தை நாங்கள் 'கட்டை கேம்' என்றோம். வெற்றி, தோல்வி, மதிப்பெண் என்று எதுவும் இல்லாத, மண்ணையும் கல்லையும் நீரையும் அள்ளி மனம்போனபடி எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளக்கூடிய விளையாட்டு அது.

வெற்றி இல்லாத விளையாட்டு சலித்துவிடும் என்பதால், ஞாயிறுதோறும் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் பாய் ஒரு புதிரை எழுதிச் சுவரில் ஒட்டுவார். முதலில் அவிழ்ப்பவருக்கு ஒரு மணி நேரம் இலவசம். ஏணியும் படியும் இல்லாமல் ஆட்டை மாடியில் ஏற்ற வேண்டும் என்றொரு வாரம் எழுதியிருந்தார். சீனு என்ற பையன் ஆட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பி, நீர் நிரப்பி, அதை மிதக்கவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது, நான் வீட்டைச் சுற்றி மண்ணைக் கொட்டிக் கொட்டி மாடியையே தரையாக்கி, ஆட்டை நடத்திக்கொண்டு போனேன். "ஆட்ட ஏத்தச் சொன்னா ஊரையே ஏத்திட்டியேம்மா" என்று பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். சீனு 'போங்கு' என்று கத்தினான். அதற்கு பாய் சொன்னதுதான் அந்தக் கடையின் சட்டம்: "ரூல்ல இல்லேன்னா தப்பு இல்ல."

பள்ளியிலும் வீட்டிலும் வாய் திறக்காத என்னை அங்கே 'கம்மு' என்று அழைத்தார்கள். என் மூளையை ஒருவர் வாய்விட்டுப் பாராட்டியது அதுவே முதல் முறை. அந்தச் சிரிப்பை மறுபடி கேட்பதற்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

எனக்குப் பக்கத்துக் கணினி மேகலாவுடையது. அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் கடல் ஏறி, கரையோரத்து ஒரு வரிசை வீடுகளை அடித்துக்கொண்டு போனபோது அவர்கள் வீடும் போயிற்று. எங்கள் தெருவில் இருந்த அவள் மாமன் வீட்டு மாடியறைக்கு அவளும் அவள் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். மீன் விற்கும் அந்த அம்மா அதன்பின் எங்கள் ஊர்க் கரைப் பக்கமே போகாமல், காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து மீன் எடுத்துவந்து தேரடியில் உட்கார்ந்து விற்றுவிட்டுத் திரும்புவார். மேகலா புதிர்கள் எதிலும் சேரவில்லை. கடல் கொண்டுபோன அந்த வீட்டை அவள் மூன்று வாரமாக விளையாட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். மீன் கழுவும் தொட்டிக்குச் சாம்பல் நிறக் கல், டி.வி. இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டை, வாசலில் சிவப்பு மிதியடி, சாமி மாடத்தில் ஒரு விளக்கு. விளையாட்டில் நீலக் கதவு கிடையாது. நீலத் துணிக் கட்டைகளை அடுக்கி, எப்போதும் பாதி திறந்தபடி நிற்கும் ஒரு கதவைத் தானே உண்டாக்கினாள். பின்புறம், கிழக்கே, கடல். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே, நிஜத்தில் வீடு போகும்வரை யாரும் கொண்டுவந்து கொட்டாத கருங்கற்களை ஐந்து வரிசை உயரத்துக்கு அடுக்கியிருந்தாள்.

வரும் ஞாயிறு வியாபாரம் முடிந்ததும் அம்மாவைக் கூட்டிவந்து காட்டப்போவதாக என்னிடம் மட்டும் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லாதே என்றாள். நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுப் புதிர் இது: அடுத்தவர் வீட்டுக் கட்டை எதையும் தொடாமல் அவர் வீட்டு விளக்கை அணைக்க வேண்டும்.

சீனுவின் கோட்டைக்குக் கூரையே இல்லை. அதன் விளக்கை அணைப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்திருக்காது. அந்த உலகத்தில் கவனமாகக் கட்டப்பட்டதும், காவல் இருந்ததும் ஒரே வீடுதான். அதை நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கருங்கல் வரிசையில் ஓர் இடுக்குக்கூட இல்லை. பிறகுதான் கண்ணில் பட்டது, கல் கிழக்கே மட்டும் இருக்கிறது என்று. எங்கள் கரையில் பிறந்த எவருக்கும் கடல் கிழக்கேதான். ஆபத்து வேறு திசையிலிருந்து வரக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தெருப் பக்கம், மேற்கே, அந்தப் பாதி திறந்த நீலக் கதவு.

மேற்கே இருந்த குன்றின் உச்சிக்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோனேன். அந்த விளையாட்டில் ஒரு வாளி போதும். உயரத்தில் ஊற்றினால் வற்றாமல் வந்துகொண்டே இருக்கும். சரிவில் ஒரு வாய்க்கால் வெட்டி, விரலை ஒருமுறை மடக்கினேன். நீர் தெருவில் இறங்கிக் கதவு வழியே நுழைந்தது. சுவர்கள் அப்படியே நின்றன. மிதியடி போயிற்று, பிறகு விளக்கு போயிற்று.

மேகலா திரையைப் பார்த்தாள். "அந்தாண்ட கடலே கெடையாதே, கம்மு" என்றாள்.

அந்த நீரை ஒரே சொடுக்கில் வாளிக்குத் திரும்ப எடுத்திருக்கலாம். பாய் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வந்து பார்க்கும்வரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பாய்க்கு முன்னால் அவள் அம்மா வந்துவிட்டார். மீன் விற்கும் அலுமினியப் பேசினை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, மகளின் தோளைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். கணினித் திரையை அத்தனை அருகில் அவர் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். இருண்ட வீட்டுக்குள் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம வூடாடி இது? அப்டியே கீதே" என்றார். "கதவு கூட அப்டியே தொறந்துகினு கீது. தண்ணி பூந்தது வரிக்கும் செஞ்சிகிறியே." மேகலா என் பக்கம் திரும்பவில்லை, அது தான் செய்ததல்ல என்று சொல்லவும் இல்லை. அம்மா இன்னும் கொஞ்சம் குனிந்து மாடம் இருந்த இடத்தைத் தேடினார். "வெளக்கு மட்டும் அன்னிக்கு அணையல மேகலா. நாம வெளிய வந்து நின்னுகினு பாக்க சொல்லோ கூட எரிஞ்சிகினுதான் இருந்துச்சு."

பேசினைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் போனார். மகளும் கூடவே போய்விட்டாள். அதன்பின் அவள் அந்தக் கடைக்கு வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்த பாய் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் சட்டம் அவருடையது. ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்தார். நான் அதை முழுவதும் விளையாடித் தீர்த்தேன்.

கேம் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். நான்கு கணினிகளும் அந்த உலகத்தோடு சேர்ந்து பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயின. கரை நெடுகிலும் கருங்கல் கொட்டியாகிவிட்டது. மாலையில் அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாமன் வீட்டு மாடியறையில் வேறு குடும்பம் குடியிருக்கிறது. அதே தெருவில் இரண்டு ஆண்டுகள் எதிரெதிரே நடந்துபோயும், மேகலாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

போன மாதம் கல்லூரி விடுமுறையில் அந்த விளையாட்டைக் கைபேசியில் இறக்கி, அவள் வீட்டைக் கட்டிப் பார்த்தேன். தொட்டி எந்தச் சுவரை ஒட்டியிருந்தது, மாடம் எத்தனை கட்டை உயரத்தில் இருந்தது, எதுவும் நினைவுக்கு வரவில்லை. குன்றின் சரிவும், வாய்க்காலின் நீளமும், கதவு எத்தனை கட்டை அகலம் திறந்திருந்தது என்பதும் மட்டும் பிசகாமல் நினைவிருந்தன.