ஹேண்டிலை எடுத்த கை

சபையாரே, என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் சம்சாரம் சொல்லிவிடுவாள். நானே சொன்னால் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம் பாருங்கள். ஒரு மார்கழி விடியலில், பெற்ற மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது, ஒரு ஆளின் கை விளங்காமல் போகவேண்டும் என்று நான் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். ஆண்டவர் அந்த ஜெபத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கு என் வீட்டில் சோறு பொங்க ஆள் இல்லை.

அப்போது நான் திண்டுக்கல்லில் ஒரு முதலாளியின் பிளஷர் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. டீ வாங்கினால் கிளாஸைத் தூக்கி அடியைப் பார்ப்பேன். காணிக்கைப் பை நீட்டுகிற அண்ணனையே ஓரக்கண்ணால் பார்த்தவன் நான். வெளியூரில் தங்கினால், வண்டியை முன்னாலிருந்து சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலைத் தலைக்கு வைத்துப் படுப்பேன். அது இல்லாமல் எவன் வண்டியைக் கிளப்ப முடியும்? காலையில் கழுத்து திரும்பாது. ஆனால் வண்டி பத்திரமாக இருக்கும்.

நயா பைசா வந்து ரெண்டாம் வருஷம். கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருந்தது. முதலாளியைத் திருச்சியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பி வந்தேன். வழியில், அய்யலூர் தாண்டியதும், மாமியார் ஊர். சம்சாரம் எஸ்தரும் எங்கள் நாலு வயது மகள் லில்லியும் அங்கேதான் இருந்தார்கள். போய் இறங்கினால் பிள்ளைக்குக் காய்ச்சல். விடியக்காலையில் தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சை இழுக்கும்போது கோழி கேருகிற மாதிரி ஒரு சத்தம். கழுத்து வீங்கியிருந்தது. "திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோங்க" என்றாள் எஸ்தர்.

வெளியே எலும்பு வரைக்கும் குளிர். வண்டி கிளம்ப மாட்டேன் என்றது. குளிர்காலத்தில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கந்தல் துணியைக் குச்சியில் சுற்றி, மண்ணெண்ணெயில் முக்கிக் கொளுத்தி, எஞ்சினுக்கு அடியில் செத்த நேரம் பிடிப்போம். எஞ்சின் சூடேறியதும் ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்று. அன்றைக்கும் அப்படித்தான் கிளப்பினேன். எனக்கோ கடுமையான ஜலதோஷம். ரெண்டு மூக்கும் அடைத்து, வாயால்தான் மூச்சு.

மூணு மைல் வந்திருப்போம். பனிமூட்டத்துக்குள்ளிருந்து திடீரென்று ரோடு முழுக்க ஆடு. அய்யலூர் சந்தைக்குப் போகிற ஆடுகள். ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி சின்னப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் இடித்து நின்றது. முன்பக்க மட்கார்டு நசுங்கியது. எங்கள் மூன்று பேருக்கும் கீறல்கூட இல்லை. எஞ்சின் மட்டும் அணைந்துவிட்டது.

ஆடுகளுக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டி. அதில் குட்டிகள். ஓட்டி வந்தவர் தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். பெயர் பழனிச்சாமி, தொப்பம்பட்டிப் பக்கத்து ஆட்டு வியாபாரி. கூட அவர் மச்சான். நான் இறங்கின வேகத்தில் ஆரம்பித்தேன். ஆட்டை விட்டு வண்டியை மறித்துக் கொள்ளையடிக்கிற கூட்டம் என்றே முடிவு கட்டிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, கொழந்தைக்கு என்னாச்சுங்க?"

"உமக்கு எதுக்குய்யா?"

"இல்லீங்க, ரெண்டு மைலு போனா வடமதுரை ஸ்டேசனுங்க. காலை ரயிலு வர்ற நேரமாச்சு. வண்டியில ஏறிக்கங்க, நான் கொண்டுபோயி உடறனுங்க."

எனக்குள் இருந்த சந்தேகம் உடனே எழுந்து உட்கார்ந்தது. நம்மை ஸ்டேஷனுக்குக் கடத்திவிட்டு மச்சானை வைத்துக் காரைக் கழற்றப் பார்க்கிறான் என்று நினைத்தேன். "எங்களுக்குக் கார் இருக்கு, நீர் உம்ம ஆட்டைப் பாரும்" என்றேன். இந்தச் சண்டையில் அரை மணி ஓடிவிட்டது. எஞ்சின் ஆறியே போனது. வண்டியில் பேருக்கு ஒரு செல்ப் உண்டு, தட்டினால் ஒரு முனகல், அதோடு சரி. ஹேண்டிலை எடுத்து முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பந்தத்தையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் எடுக்கப் பின்பக்கம் போகத் திரும்பினேன்.

"இங்க பாருங்க, பெட்ரோல் வாசம் அடிக்குது" என்றாள் எஸ்தர்.

"பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசம் அடிக்காம மல்லிகைப்பூ வாசமா அடிக்கும்?"

"இது ரொம்ப அடிக்குதுங்க. பந்தம் கொளுத்தாதீங்க. அந்த அண்ணன் வண்டியிலயே போயிருவோம்."

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணு."

பகடி பேசி ஜெயித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. பந்தத்தோடு திரும்பி வந்தேன்.

ஹேண்டில் இல்லை.

சக்கரத்தடியில் இல்லை. பாலத்தடியில் இல்லை. ஹேண்டில் இல்லாமல் பந்தம் கொளுத்தி என்ன செய்ய, சூரியனுக்கு வழி காட்டவா? நேரே மாட்டு வண்டிக்குப் போனேன். குட்டிகளைத் தூக்கித் தூக்கித் தேடினேன். ஒரு குட்டி என் சட்டை நுனியைத் தின்றுகொண்டே இருந்தது. பழனிச்சாமி தடுக்கவில்லை.

"நல்லாத் தேடிக்கங்க தம்பி. கெடைச்சா எனக்கும் சொல்லுங்க."

"ஒன்னும் தெரியாத மாதிரி பேசுறதைப் பாரு!"

அவர் மச்சானின் மடியைக்கூட அவிழ்க்கச் சொன்னேன். அத்தனை நீள இரும்பை ஒரு ஆள் மடியில் கட்ட முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

தோற்றுப்போய், காருக்கு முன்னால் முழங்கால் போட்டேன். தரை ஈரம். பனி என்று நினைத்தேன். "ஆண்டவரே, ஹேண்டிலை எடுத்தவன் யாருன்னு இப்பவே காட்டும். அவன் கை விளங்காமப் போகணும்." கண்ணைத் திறந்தேன். பழனிச்சாமி இரண்டு கையாலும் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். கை இரண்டும் நன்றாகவே இருந்தன.

அப்போது லில்லியின் அந்தச் சத்தம் நின்றது.

இத்தனை நேரம் அந்தச் சத்தம் என்னைக் கொன்றுகொண்டிருந்தது. அது இல்லாதது அதைவிட மோசம். ஓடினேன். எஸ்தர் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். உதடு நீலம். ஒரு இழுப்பு வந்தது. பிறகு இன்னொன்று. அதற்குமேல் நான் சண்டை பிடிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் மாட்டு வண்டியில் ஏறினாள். அவள் போர்வையில் சுற்றிக் கட்டியிருந்த மூட்டையை நான் தோளில் தூக்கினேன். கனத்தது. "என்னத்தடி வச்சுக் கட்டியிருக்க, அம்மிக்கல்லா?" என்றேன். அவள் லில்லியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பழனிச்சாமி ஆடுகளையும், பாலத்தில் இடித்து நின்ற என் காரையும் மச்சானிடம் விட்டுவிட்டு மாட்டைத் திருப்பினார். சந்தை நாளில் ஒரு ஆட்டு வியாபாரி சந்தைக்கு முதுகைக் காட்டினார் என்றால் அது எத்தனை நஷ்டமென்று அய்யலூர்க்காரர்களுக்குத் தெரியும்.

போகிற வழியில் நான் பண்ணிய ஜெபம் "ஆண்டவரே, பிள்ளை" என்பதுதான். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஆனாலும் பாருங்கள், சந்தேகம் சாகவில்லை. எஸ்தரின் மஞ்சள் சேலையில் மடிப்பக்கம் கறுப்பாக நீளக் கறை. "உம்ம வண்டி மை என் பொண்டாட்டி சேலையைக் கெடுத்துருச்சு பாரும்!"

"வண்டி மை அச்சுல இருக்குதுங்க தம்பி. அம்மிணி மேல உக்காந்திருக்குது" என்றார் அவர், மாட்டைப் பார்த்தபடியே.

ரயில் கிடைத்தது. நாங்கள் பிளாட்பாரத்தில் ஏறவும் அது வரவும் சரியாக இருந்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் லில்லியின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டை அடைப்பான். உடனே ஊசி போடணும்" என்றார். அந்த மருந்தையும் நான் சந்தேகப்பட்டேன், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நர்சம்மா என்னைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள். "யாருய்யா நீ, பெட்ரோல்ல குளிச்சிட்டு வந்தியா? வெளியில போய் நில்லு." டிரைவர் என்றதும் இளக்காரம் பண்ணுகிறார்கள் என்று முறைத்துக்கொண்டு போனேன். வேட்டியை மோந்து பார்க்கத் தோன்றவில்லை. பார்த்தாலும் என் மூக்குக்கு என்ன தெரியும்!

மறுநாள் காலை பிள்ளை கண் விழித்துக் கொய்யாப்பழம் கேட்டது. தொண்டை கம்மிய குரலில்தான், ஆனாலும் கேட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சத்தம் போட்டு அழுதேன்.

அன்று மத்தியானம் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். கார் விட்ட இடத்திலேயே பத்திரமாக நின்றது. என் சிநேகிதர்தான், சவரி என்று பெயர். காருக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். வாயிலிருந்த பீடியைத் துப்பி மண்ணில் தேய்த்தார். பிறகு முழங்கால் போட்டுக் குனிந்து அடியில் பார்த்தார். அது பழைய வண்டி. டாங்க் எஞ்சினுக்குப் பின்னால் மேலே இருக்கும். பெட்ரோல் குழாய் வழியே தானாக இறங்கும். இடித்த இடியில் குழாய் மூட்டு விட்டுப்போய், அந்த நிமிஷத்திலிருந்தே சொட்டியிருக்கிறது. தரை சொதசொத என்று இருந்தது. நான் முழங்கால் போட்ட அதே இடம்.

"ஏலே அப்பு, இடிச்சப்புறம் என்ன பண்ணின?"

"பந்தம் பிடிச்சுக் கிளப்பலாம்னு..."

சவரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டிக்குள்ள யாரு இருந்தா?"

சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "ஹேண்டிலைத் திருடுன புண்ணியவானைத் தேடிப் பிடிச்சுக் கால்ல விழு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்தாள். போர்வையைப் பிரித்தாள். உள்ளே ஹேண்டில். முந்தின நாள் முழுக்க நான் திருடனைச் சபித்துக்கொண்டே என் தோளில் சுமந்தது அதைத்தான்.

"ரெண்டு தடவை சொன்னேன், நீங்க கேக்கல" என்றாள். "இவருக்கு மூக்கைக் குடு, இல்லாட்டி புத்தியைக் குடுன்னு ஜெபம் பண்ணினேன். கண்ணைத் திறந்தா ஹேண்டில்தான் முன்னால கெடந்துச்சு."

அதை நீட்டிய கையைப் பார்த்தேன். விளங்காமல் போகச் சொல்லி நான் கேட்ட கை. லில்லியின் முதுகைத் தடவி மூச்சை மீட்ட கை. இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள், அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அடுத்த சந்தையில் பழனிச்சாமி அண்ணனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பாப்பா சாப்புடுதுங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் ஒரு கிடாய்க்கு விலை பேசப் போய்விட்டார்.

லில்லி இப்போது ஐந்தாம் வகுப்பு. பாட்டுக் குழுவில் அவள் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்கிறது. நானும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். வண்டியை எதிலாவது இடித்துவிட்டால் முதலில் சாவியைத் திருப்பி அணைத்து ஆட்களை இறக்கித் தள்ளி நிற்க வைக்கிறேன். நெருப்புப்பெட்டியைத் தொடுவதில்லை. முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன், அப்படியே இன்னும் ஒரு சாண் குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்த்துவிடுகிறேன். ஜலதோஷம் இருந்தால் மோந்து பார்க்க வேறு ஒரு மூக்கைக் கூப்பிடுகிறேன். குளிர் காலையில் பந்தம் கிடையாது. ரேடியேட்டருக்கு வெந்நீர்தான். ஹேண்டில் சுற்றும்போது கட்டைவிரலை மடக்கிப் பிடிப்பதில்லை, திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். சந்தேகம் முழுக்கப் போகவில்லை. இப்போது அதில் பாதியை என்மேலேயே படுகிறேன்.

இக்கட்டில் இருக்கிற சகோதர சகோதரிகளே, ஆண்டவரிடம் கேளுங்கள். தப்பாகக் கேட்டாலும் பயமில்லை, அவர் திருத்தி வாசித்துக்கொள்வார். நீங்கள் கேட்ட வண்டி கிளம்பாமல் வேறு வண்டி வந்து நின்றால், ஓட்டுகிறவரைச் சந்தேகப்படாமல் ஏறிவிடுங்கள்.

இதை எழுதி முடித்ததும் எஸ்தரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். கடைசியில், "ஆண்டவரே தம்முடைய கையால் அந்த ஹேண்டிலை எடுத்து மறைத்தார், அவருக்கே ஸ்தோத்திரம்" என்று முடித்திருந்தேன். நான் எழுதியதுதான் என்றாலும் அந்த வரியை ரெண்டு தடவை படித்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"கிரீஸ் பட்டது என் சேலையில."