ஆயா தேவை: வயது 25 முதல் 40 வரை

"காலியாகும் பணியிடத்தை, இரண்டு தமிழ் நாளிதழ்களில் விளம்பரம் செய்து, வரப்பெறும் விண்ணப்பங்களைப் பரிசீலித்து, தகுதியுள்ள நபரைக் கொண்டு நிரப்ப வேண்டும்."

இது எங்கள் அறக்கட்டளையின் துணை விதிகளில் ஒன்று. எழுதியவன் நான்தான். வேலூரில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனைச் செயலாளராகப் போட்டால், ஒரு சின்ன அறக்கட்டளைக்கு இப்படியெல்லாம் விதிகள் வந்து சேரும். ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வந்தவன் விதியில் ஆரம்பிக்கிறானே என்று நினைக்காதீர்கள், சகோதர சகோதரிகளே. அந்த விதி என்னைக் கைவிட்ட இடத்தில்தான் அவர் என்னைத் தூக்கிவிட்டார்.

ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே, சபைக்குச் சொந்தமான பழைய கூடத்தில் ஒரு பகல் காப்பகம் நடத்துகிறோம். நடக்க முடியாத, பேச முடியாத, தானாகச் சாப்பிட முடியாத பிள்ளைகளுக்கானது. அவர்களுடைய அம்மாக்கள் பெரும்பாலும் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். மாலையில் பஸ் இறங்கியதும் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பசியும் ஈரத் துணியும் மதம் பார்ப்பதில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு ஊட்டி, கழுவி, துணி மாற்றி வந்தவர் மேரியம்மா. இந்த வருஷம் பொங்கல் முடிந்த வாரம் அவர் மகளோடு ஓசூருக்குக் குடிபோய்விட்டார். போவது அவர் உரிமை. முறைப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வேலைக்குப் போக நினைக்கும் பெண்ணுக்குக் கம்பெனி இருக்கிறது. வீட்டு முனைக்கே பஸ் வருகிறது. பிறத்தியார் பிள்ளையின் மலம் அள்ள யார் வருவார்கள்?

பிள்ளைகளோடு இருந்த ஒரே டீச்சர் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கமிட்டி கூடியது. மார்ச் முதல் தேதியிலிருந்து தானாகச் சாப்பிட முடிந்த பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்வது என்று தீர்மானம். தீர்மானத்தை அழகாக எழுதிக் கொடுத்தவனும் நானே. அதைப் போய்ச் சொல்ல வேண்டியவனும் நானே.

செல்வியிடம்தான் முதலில் சொன்னேன். ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறவள். கணவன் இல்லை. அவள் மகள் நதியாவுக்குப் பத்து வயது. கழுத்து நிற்காது. மெதுவாக ஊட்டாவிட்டால் புரையேறிவிடும்.

"தற்காலிக ஏற்பாடுதான், செல்வி" என்றேன்.

"அப்ப பாப்பாவ எங்க சார் விடறது?"

"உறவினர் யாராவது..."

"இங்க வர்றதுக்கு முன்னாடி எப்டி வேலைக்குப் போனேன் தெரியுமா சார்? வெளிய தாழ்ப்பா போட்டுட்டுப் போவேன். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கும். ஒரு நாள் வந்து பாக்குறேன், கட்டில்லேர்ந்து உருண்டு உழுந்து, எறும்பு மொய்ச்சுக் கெடக்குறா. கத்தக்கூட தெரியாது அவளுக்கு." தோள் பையைச் சரிசெய்துகொண்டாள். "மறுபடியும் தாழ்ப்பா போடச் சொல்றீங்களா?"

பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஓடினாள்.

அன்று கூடத்தின் பின்பக்கம் போய் நின்று ஜெபித்தேன். நான் ஜெபிப்பதும் மனு எழுதுவது போலத்தான் இருக்கும் என்று என் மனைவி கிரேஸ் சொல்வாள். பொருள், பார்வை, கோரிக்கை எல்லாம் வந்துவிடுமாம். அன்று அதெல்லாம் வரவில்லை. "ஆண்டவரே, நதியாவுக்கு ஒரு ஆளை அனுப்பும்." அவ்வளவுதான். அழுகை வந்தது.

ஜெபித்தவன் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்க எங்களுக்கு வசதியில்லை. எனவே நானே ஓர் அறிவிப்பு தயாரித்தேன். பெரிய எழுத்தில் ஒரு பக்கம். "ஆயா தேவை. பணியிடம் ஒன்று. வயது 25 முதல் 40 வரை. முன் அனுபவம் அவசியம். நன்னடத்தைச் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும்." கீழே என் கைபேசி எண். சபை அறிவிப்புப் பலகையிலும் டீக்கடையிலும் மாதனூர் பஸ் நிற்கும் இடத்திலும் ஒட்டினேன். ஒரு கம்பெனிக்கு, தங்கள் பேருந்துகளுக்குள் ஒட்டிக்கொள்ள அனுமதி கோரி, முறையான கடிதமும் அனுப்பினேன். பதில் இல்லை.

பிழை எங்கே என்று உங்களில் சிலர் இந்நேரம் கண்டுபிடித்துச் சிரித்திருப்பீர்கள். அரசு ஆணைகளில் அந்தப் பணியிடத்துக்கு ஆயா என்றுதான் பெயர். ஆனால் எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவளும் ஆயா, அம்மாவைப் பெற்றவளும் ஆயா. நானும் அப்படிக் கூப்பிட்டு வளர்ந்தவன்தான். அலுவலகம் அதை மறக்கடித்திருந்தது.

மறுநாள் காலை காபி குடிப்பதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது.

"ஹலோ, ஆயா வேணும்னு போட்டிருந்தீங்களே?"

"ஆமாம். விண்ணப்பதாரர் நீங்களா?"

"இல்ல சார், எங்க ஆயா. வயசு எண்பத்தஞ்சு. எக்ஸ்பீரியன்ஸ் ஜாஸ்தி. எப்ப அனுப்பட்டும்?"

பின்னால் பஸ் ஓடும் சத்தம், ஒரு கூட்டமே சிரிக்கும் சத்தம். அடுத்த போன்: "சார், இருபத்தஞ்சு வயசுல ஆயாவா? எந்த ஊர்ல சார் இருக்குது? எனக்கும் ஒண்ணு சொல்லுங்க." அதற்கடுத்தது ஒரு பெண். மிகவும் மரியாதையாகப் பேசினாள். "எல்லாம் ஓகே சார். அந்த நன்னடத்தை சர்டிபிகேட்டுதான் இடிக்குது. எங்க ஆயா வாயத் தொறந்தா தெருவே காதப் பொத்திக்கும்."

அரசுப் பணியில் நான் எழுதிய வரைவில் ஒரு காற்புள்ளியைக்கூட யாரும் மாற்றியதில்லை. அப்படிப்பட்டவனைக் கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்கள் முறை வைத்துக் கிண்டல் செய்தார்கள். கிரேஸ் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, சர்வீஸ் முழுக்க கவர்மெண்டுக்கு எழுதுனீங்க. ஒருத்தரும் படிக்கல. இப்ப பாருங்க, ஊரே படிக்குது."

இந்த அறிவிப்பு கம்பெனி பஸ்ஸுக்குள் எப்படிப் போயிற்று என்று மாலையில் செல்வியைக் கேட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"நான்தான் சார். போட்டோ எடுத்து எங்க பஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். எங்க பாப்பாவுக்கு ஆளு வேணும்னு பேசியும் அனுப்புனேன். அவங்க பேச்ச உட்டுட்டு போட்டோவ மட்டும் எடுத்துக்கினாங்க. பேர்ணாம்பட்டு பஸ் வரைக்கும் போய்டுச்சாம்."

"நோட்டீஸைக் கிழித்துவிடுகிறேன். போனையும் அணைத்துவைக்கிறேன். இது நிறுவனத்தின் மானப் பிரச்சினை."

"நோட்டீஸ வேணா கிழிங்க சார். போன மட்டும் ஆஃப் பண்ணாதீங்க." கெஞ்சினாள். "அத்தினி பேர் சும்மா பண்றாங்க இல்ல? நெஜமா ஒருத்தர் பண்ண மாட்டாங்களா?"

அவளுக்காகப் போனை அணைக்காமல் வைத்திருந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் நான் இன்னொரு ஜெபமும் செய்தேன். "ஆண்டவரே, இந்தப் போன் அடிப்பதை நிறுத்தும்." முதல் ஜெபத்தைவிட அதிக ஊக்கத்தோடு ஜெபித்தேன். அவர் நிறுத்தவில்லை. இரண்டாம் மனுவைத் தள்ளுபடி செய்ததால்தான் முதல் மனுவுக்குப் பதில் வர வழி இருந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை. கைவிடப்பட்டவனைப் போல இருந்தேன். மாதம் முடிந்துகொண்டே வந்தது. செல்வி ஒவ்வொரு மாலையும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் அடித்தது.

"சார், ஆயா வேணும்னு..."

"உங்கள் ஆயாவுக்கு என்ன வயது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அம்மா. இருவருக்கும் நேரம் மிச்சமாகும்."

"நாப்பத்தாறு."

"நாற்பத்தாறு வயதில் உங்களுக்கு ஆயாவா?"

"எனக்கு ஆயா இல்ல சார். ஆயாவே நான்தான்."

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அவர் பெயர் ஷம்ஷாத். ஆம்பூர்க்காரர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகளைத் துபாயில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அங்கே பேத்தி பிறந்திருக்கிறாள். பிள்ளையைப் போனில் மட்டும் பார்க்கிறார். பேர்ணாம்பட்டு பஸ்ஸில் வேலைக்குப் போகும் அவருடைய கொழுந்தனார் மனைவி, சிரித்துக்கொண்டே இந்தப் போட்டோவைக் காட்டியிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்களாம். இவர் மட்டும், "சரி, அந்த நம்பரக் குடு" என்றாராம்.

மத்தியானம் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். நான் வயது வரம்பு உள்ள தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பழக்கதோஷம்.

"எங்க வீட்ல அம்மாவப் பெத்தவங்கள நானின்னு கூப்புடுவோம் சார். ஊருக்கு ஆயா" என்றார். "போன்ல பேத்தியப் பாத்துப் பாத்து கண்ணு நெறையுது, கை சும்மாவே கெடக்குது. பேஜாரா இருக்குது. இங்க கைக்கு வேல இருக்குதுன்னு சொன்னாங்க."

"வயது நாற்பதுக்கு மேல் ஆகிறது. ஆனால் விதியைத் தளர்த்த வழி..."

"அத நீங்க மெதுவா தளர்த்துங்க சார். எந்தப் புள்ள இன்னும் சாப்டல?"

நதியா சாப்பிட்டிருக்கவில்லை. ஷம்ஷாத் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். ரசஞ்சாதத்தை மசித்து முதல் வாய் கொடுத்தார். நதியா அப்படியே துப்பினாள். இரண்டாவது வாயும் துப்பினாள். மூன்றாவது அவருடைய துப்பட்டா முழுக்கத் தெறித்தது. அற்புதம் எதுவும் நடக்கவில்லை, சகோதர சகோதரிகளே. இந்த அம்மாளும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"இன்னாடி, ஆயா சமைச்சது புடிக்கலயா? நான் சமைக்கல, சாமி. அவங்க சமைச்சது" என்று டீச்சரைக் கை காட்டினார். டீச்சர் சிரித்துவிட்டார். நதியா துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தால் அவளால் சுலபமாக விட முடியாது. விரல்கள் அப்படி. ஷம்ஷாத் விரல்களைப் பிரிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். சாதம் ஆறிப்போயிற்று. சூடு செய்து கொண்டுவரச் சொன்னார். பாதிக் கிண்ணம் உள்ளே போயிற்று.

மாலையில் செல்வி வந்தாள். மகள் இன்னும் துப்பட்டாவை விடாமல் தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"இவங்க யாரு சார்?"

"ஆயா" என்றேன்.

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன்.

"நோன்பு ஆரம்பிக்கப்போவுது சார்" என்றார் ஷம்ஷாத், புறப்படும்போது. "பிறை தெரிஞ்சா நானும் நோன்பு. வேலைய விட மாட்டேன். ஆனா சாயங்காலம் அஞ்சரைக்கு என்ன அனுப்பிடணும்."

அந்த வாரம் எங்களுக்கு லெந்து என்னும் தவக்காலமும் அவர்களுக்கு நோன்பும் ஒன்றாகத் தொடங்கின. நாள் முழுக்கத் தான் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வாயாக ஊட்டும் அந்தப் பெண்மணியை நான் தினமும் பார்த்தேன். லெந்து நாட்களில் காபியை விட்டுவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன், அதைச் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

மார்ச் முதல் தேதி வந்தது. தீர்மானம் ரத்து செய்யப்பட்டது. நதியா காப்பகத்தில் இருக்கிறாள். செல்வியின் வீட்டில் தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான் போடப்படுகிறது.

போன் இன்னும் அடிக்கிறது. கிண்டல் செய்தவர்களில் சிலர் பிறகு நிஜமாகவே கேட்டார்கள்: "சார், அது இன்னா இடம்? எங்க அக்கா புள்ளையும் இந்த மாதிரிதான்." இத்தனை வருஷமாக, பக்கத்துக் கிராமங்களுக்கே எங்கள் காப்பகம் இருப்பது தெரியாது. ஒரு தாள், கொஞ்சம் பசை, ஒரு பிழை. எங்கள் மொத்த விளம்பரச் செலவு அவ்வளவுதான். வேதாகமத்தில் ஒரு கழுதையின் வாயைத் திறந்து பேசவைத்தவருக்கு, ஓய்வு பெற்ற கண்காணிப்பாளரின் அறிவிப்பு பெரிய தடையாக இருந்திருக்காது.

இப்போது எந்த அறிவிப்பானாலும் நான் எழுதி, செல்வியிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். அவள் தடுமாறும் இடத்தை மாற்றுகிறேன். "நம்ம புள்ளைங்களோட ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் வெளையாட வர்றீங்களா?" என்று அவளே பேசி பஸ் குரூப்புகளில் அனுப்புகிறாள். வருகிறார்கள். கம்பெனி ஆட்களே, விடுமுறை நாளில், கையில் பலூனோடு வருகிறார்கள். "ஆயா தேவை சாரு எங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். எனக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பதவி உயர்வு என்று ஏற்றுக்கொண்டேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது ஒரு கதவு வெளியிலிருந்து தாழிடப்பட்டிருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள். சுருக்கமாகக் கேளுங்கள். பதில் எந்த வழியாக, எந்தப் படிவத்தில் வர வேண்டும் என்று அவருக்கு விதி எழுதிக் கொடுக்காதீர்கள். சிரிப்புச் சத்தத்தோடு போன் அடித்தாலும் எடுங்கள்.

பஸ்ஸுக்குள் ஒட்ட அனுமதி கேட்டு நான் கம்பெனிக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பப்போவதில்லை. நான் கேட்டிருந்த பதில், லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாள், செவ்வாய்க்கிழமை, மத்தியானம், ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டது.