நாக்கு அசைந்ததா

ஷைத்தான் எங்கள் வீட்டுக்குள் பைப்படியால்தான் வந்தான். என் கணவர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யக் குந்தினால் எழும்பமாட்டார். கையைக் கழுவுவார், முழங்கை நனைந்ததா என்று சந்தேகம் வரும், திரும்பவும் கழுவுவார். பள்ளிவாசலில் ஜமாஅத் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும்போதும் இவர் காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். என் உம்மா அதைப் பார்த்துவிட்டு, தன் மருமகன் மார்க்கத்தில் எவ்வளவு பேணுதலானவர் என்று பக்கத்து வீடுகளில் பெருமை பேசித் திரிந்தா. நல்ல பேணுதல்! தாங்கியில் தண்ணீர் முடிந்து நான் சோப்பு முகத்தோடு நின்ற நாள்கள் எனக்குத்தான் தெரியும்.

இதற்கு வஸ்வாஸ் என்று பெயர். உள்ளத்துக்குள் ஷைத்தான் போடும் ஊசாட்டம். தொழாதவனிடம் அவனுக்கு என்ன வேலை? தொழுகிறவனைத்தான் பிடிப்பான், அதுவும் தொழுகைக்குப் போகிற வழியிலேயே பிடிப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் தலாக்கைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். விளையாட்டுக்கு மொழிந்தாலும் அது நிகழ்ந்துவிடும் என்ற இடத்தை இவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் வாய் கொப்பளிக்கும்போது அந்தச் சொல் மனதில் வந்திருக்கிறது. மனதோடு நின்றதா, நாக்கும் அசைந்ததா என்று இவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான், என் வாழ்க்கைக்கு வேட்டு வைத்தாயிற்று.

கல்முனை பஸாரில் எங்களுக்கு ஒரு புடவைக்கடை இருக்கிறது. அங்கிருந்து பகல் சோற்றுக்கு வந்தவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை. தலையைக் குனிந்தபடி சொன்னார்.

“புள்ள, நான் ஒன்ன தலாக் செல்லிட்டன் போல இரிக்கி.”

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன், அப்போதும் அவர் கேட்டைத் தாண்டவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குரியது. ஆகவே அந்தச் சொல் விழுந்தால் வெளியே போவதும் மாப்பிள்ளைதான். இவர் சாரன் இரண்டும் தொழுகிற முஸல்லாவும் எடுத்துக்கொண்டு போய்க் கடையின் பின்னறையில் புடவைக் கட்டுகளுக்கு நடுவில் படுத்தார். வீடும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் இருக்கிற மனுசன்.

எங்கள் பள்ளி மௌலவி பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மனதில் வருவதை அல்லாஹ் குற்றம் பிடிக்கமாட்டான், வாயால் சொன்னால்தான் கணக்கு என்றார். நிக்காஹ் நடந்தது உறுதி, தலாக் சொன்னது சந்தேகம், சந்தேகத்தால் உறுதி முறியாது, ஒன்றும் நிகழவில்லை என்றார். ஊசாட்டம் வந்தால் ஷைத்தானை விட்டும் பாதுகாப்புத் தேடும் அஊது ஓதிவிட்டு வேலையைப் பாருங்கள், அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள் என்றும் சொன்னார். இவர் சிரித்த முகத்தோடு கேட்டடிவரை வந்தார். அங்கே நின்றுவிட்டார். மௌலவியிடம் நடந்ததைச் சரியாகச் சொன்னேனா, ஏதும் விட்டுவிட்டேனா என்று அவருக்குச் சந்தேகம்.

திரும்பவும் போனார். பிறகு நிந்தவூர் மௌலவியிடம் போனார், அக்கரைப்பற்றுக்கும் போனார். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அது போதாமல், பேணுதலுக்காக என்று சொல்லி, ஒருநாள் கேட்டுக்கு வெளியே நின்றபடியே என்னைத் திரும்பவும் மனைவியாக மீட்டிக்கொள்வதாக மொழிந்தார். போகும் வழியிலேயே அடுத்தது வந்துவிட்டது: மீட்டினேன் என்றால் தலாக் விழுந்திருக்கத்தானே வேண்டும்? விழுந்தது ஒன்றா, மூன்றா? மூன்று என்றால் மீட்டவும் முடியாதே.

நான் சத்தம் போட்டேன், அழுதேன், அல்லாஹ்மீது ஆணையிட்டேன். யாரோ சூனியம் செய்துவிட்டார்கள் என்றா உம்மா. ஒருவரும் செய்யவில்லை, இந்த ஊரில் எவருக்கும் இவ்வளவு மூளை இல்லை என்றேன். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனேன். டொக்டர் இது ஒரு வருத்தம், மருந்து இருக்கிறது என்று குளிசை தந்தார். அதைக் கொஞ்சநாள் குடித்துவிட்டு நிறுத்தினார். தலை மந்தமாக இருந்தால் நாக்கு என்ன செய்கிறது என்று எப்படிக் கவனிப்பதாம்!

ஷைத்தான்களுக்குத் தலைவனான இப்லீஸ் தன் சிம்மாசனத்தைத் தண்ணீரின்மேல் போட்டு உட்கார்ந்து படைகளை அனுப்புவான் என்று ஹதீஸில் வருகிறது. வந்தவனெல்லாம் தான் செய்ததைச் சொல்வானாம். புருசனையும் பெண்டாட்டியையும் பிரித்துவிட்டேன் என்று ஒருவன் சொன்னால் அவனைத்தான் பக்கத்தில் அழைத்துக்கொள்வானாம். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிம்மாசனம்தான் ஞாபகம் வந்தது. யா அல்லாஹ், ஒரு துணிக்கடைக்காரனைப் பிரிப்பதற்கு இவ்வளவு பாடா என்று கேட்டுக் கேட்டு அழுதேன்.

ஒருநாள் காலை பத்துமணி இருக்கும். நான் குசினிவாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டில் நிற்காமல் நேரே உள்ளே வந்தார். மாதக்கணக்கில் அந்த முற்றத்தை மிதிக்காதவர். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. முகத்தைப் பார்த்தேன், அதில் சதையே இல்லை.

“எனக்கு ஏலா புள்ள,” என்றார். “உண்மையாவே ஒருக்கா செல்லிடுறன். செல்லிட்டா பொறகு சந்தேகம் வராது.”

விளங்கிவிட்டது. அவரை ஷைத்தான் கூட்டிவந்தது இந்த இடத்துக்குத்தான். அவர் வாயைத் திறந்தார். நான் கத்தியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, மீன் இரத்தமும் செதிளும் ஒட்டிய கையால் அவருடைய வாயைப் பொத்தினேன். நான் தனக்கு ஹராமாகிவிட்டேன் என்று என் நிழலுக்கும் விலகியவர் அப்படியே நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். என் உள்ளங்கைக்குக் கீழே அவருடைய உதடுகள் அசைந்தன.

கையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது. பிறகு மெதுவாக எடுத்தேன். சாரன் தலைப்பால் வாயைத் துடைத்தார். உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து, சோறு இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும்வரை அங்கேயே தூங்கினார்.

அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். குளிசையை ஒழுங்காகக் குடிக்கிறார். வுழூவில் விதிப்படி மும்மூன்று தரம் கழுவிவிட்டு எழும்பிவிடுகிறார். தலாக் என்ற பேச்சே இல்லை. சத்தியமாக, அவர் சுகமாகிவிட்டார்.

ஆனால் அந்த உதடுகள் என்ன சொல்லின? அஊது ஓதியிருக்கலாம். என் பெயரைக் கூப்பிட்டிருக்கலாம். சந்தேகத்தால் உறுதி முறியாது என்று மௌலவி சொன்னது எனக்கு மனப்பாடம், அதை ஓதி ஓதித்தான் அடுப்படியில் நிற்கிறேன். அவரிடம் கேட்டுவிடலாம். கேட்டால் அவருக்கு எல்லாம் முதலிலிருந்து தொடங்கிவிடும். அதனால் கேட்காமல் அவருக்குப் பக்கத்தில் படுக்கிறேன், நான் ஹலால்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு.