நீட்டிய கையில் ஒரு பியர் கிளாஸ்

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோணல்மாணலாக எழுதுவேன், நடுவில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒரு நாளை நானேதான் எழுதவேண்டும். வேறு யாராவது சொன்னால் என்னைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடுவார்கள்.

சென்ற குளிர்காலத்தில், சிட்னியில், பென்டில் ஹில்லில் என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டும்வரை தரையில்தான் கிடந்தேன். அன்றே மகனுக்குப் பயம் பிடித்துவிட்டது. அவன் இருப்பது மெல்பேர்ணில், கிளென் வேவர்லியில்.

"தனிய இருந்தது காணும், அம்மா. வீட்டை விட்டுட்டு எங்களோட வாங்கோ."

அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்த ஓர் அறை வாடகை வீடு என்னுடையது. ரயில் நிலையத்துக்கு நடந்து போகலாம். கடைக்குள் நுழைந்ததும் "அன்ரி, முருங்கைக்காய் வந்திருக்கு" என்று ஒரு பிள்ளை சொல்லும். அதை விட மனமில்லை. மனமில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. நாலு பேர் பார்த்தால் கதிரையை விட்டு எழும்பாதவள் நான்.

கோடை முடிகிற நேரம் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். திங்கட்கிழமை என் வீட்டை விடுவதாக ஏஜென்டுக்குச் சொல்லிவிடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான். அதற்கு முன் வந்த சனிக்கிழமை பியர் திருவிழா. வீட்டில் என்னைத் தனியே விட முடியாது என்று அங்கேயும் கூட்டிக்கொண்டு போனான்.

பெரிய புல்வெளி, வரிசையாகக் கூடாரங்கள். ஒவ்வொன்றிலும் தாங்களே செய்த பியரை விற்றுக்கொண்டிருந்தார்கள். மாம்பழம் போட்டது, கோப்பி போட்டது, தார் போலக் கறுப்பாக ஒன்று. காற்றெல்லாம் புளித்த தோசைமா வாசம். சின்ன வயதில் மருந்து குடிக்கவே அழுத என் மகன் ஒவ்வொரு கிளாஸையும் முகர்ந்து முகர்ந்து குடித்தான். நான் சேலையும் தொப்பியுமாக ஒரு மரநிழலில் இருந்தேன்.

மகனோடு வேலை செய்யும் நம்மவர் ஒருவர் வந்தார். "அன்ரி, இனி மெல்பேர்ண்தானோ?"

நான் வாய் திறக்குமுன் மகன் சொன்னான்: "ஓம், ஓம். திங்கட்கிழமை சிட்னி வீட்டை விடுறம். அம்மான்ரை கை போட்டுது. இனி ஒரு தேத்தண்ணிக் கேத்தல்கூடத் தூக்கேலாது."

அந்தக் கை என் மடியில்தான் இருந்தது.

அவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிளாஸ்டர் கழற்றியபின் ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை பயிற்சி சொல்லித் தந்தாள். தேங்காய்ப்பால் அடைத்த ரின் ஒன்றைப் பிடித்தபடி கையை முன்னால் நேராக நீட்டி நிற்கவேண்டும். முதலில் அழுகை வந்தது. பிறகு ரின் போய்த் தண்ணீர் நிரப்பிய பால் போத்தல் வந்தது, அதற்குப் பிறகு பெரிய போத்தல். நேரம் பார்த்தால் கை உடனே நோகும். அதனால் மனதுக்குள் ரயிலில் போவேன். பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், பரமட்டா. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து, ஆட்கள் இறங்கி, கதவு மூடிய பிறகுதான் அடுத்தது. லிட்கம்மில் துணி வெளுக்கும் இடத்துக்கு நான் வேலைக்குப் போன பாதை அது. வீட்டில் லிட்கம் வரை போய் இறங்கிவிடுவேன். மகன் ஃபோனில் "நோகுதோ?" என்று கேட்பான். "இல்லை" என்பேன். வேறொன்றும் அவன் கேட்கவில்லை.

அப்போது ஒரு தாடிக்காரர் மைக்கில் பெண்களைப் போட்டிக்குக் கூப்பிட்டார். ஒரு லீட்டர் கிளாஸ் நிறைய பியர். கையை முன்னால் நீட்டிப் பிடிக்கவேண்டும். முழங்கை மடியக்கூடாது, ஒரு துளி சிந்தக்கூடாது. கடைசியாக நிற்பவர் வென்றவர்.

இது என் பயிற்சி அல்லவா!

மருமகள் கோயம்புத்தூர்ப் பெண், எதற்கும் முன்னால் நிற்பாள். பெயரைக் கொடுத்துவிட்டு, "அத்தை, நீங்களும் வாங்க, ஜாலியா இருக்கும்" என்று விளையாட்டாகச் சொன்னாள்.

நான் எழுந்தேன்.

"அம்மா, விசர் வேலை பாக்காதேங்கோ! திருப்பி உடைஞ்சா?"

"உடையாது."

"ஐயோ, அது பியர், அம்மா!"

"பிடிக்கத்தானே போறன். குடிக்கவோ?"

மேடையில் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டேன். வெயிலுக்கு அல்ல, அத்தனை கண்களுக்கு. "எந்தக் கைன்னு கேக்கறாரு அத்தை. இடது கைல பிடிங்க" என்றாள் மருமகள். நான் வலது கையை நீட்டினேன்.

ரயில் புறப்பட்டது. வெஸ்ட்மீட்டில் மருமகள் சிரித்துச் சிந்திவிட்டாள். "நான் போச்சு! நீங்க விட்றாதீங்க அத்தை!" பரமட்டா, ஹாரிஸ் பார்க், கிரான்வில். ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஆபர்ன். லிட்கம். கதவு திறந்தது. தோளில் நெருப்பு. என் நிலையம் அது, இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. கதவு மூடியது.

ஃபிளெமிங்டன், ஹோம்புஷ். மிஞ்சியது நானும், கையெல்லாம் பச்சை குத்திய ஓர் உயரமான பெண்ணும். அவள் தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்கவில்லை. பார்த்தால் பாரம் கூடும்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு சத்தம் கேட்டது. அதுவரை தலையில் கை வைத்துக்கொண்டு நின்ற என் மகன்.

"அம்மா, மடக்காதேங்கோ! நேரா! அப்பிடியே பிடியுங்கோ, அம்மா!"

பர்வூட். குரோய்டன். ஆஷ்ஃபீல்டில் அந்தப் பெண்ணின் கிளாஸ் சரிந்து பியர் கொட்டியது. கூட்டம் கத்தியது. போதும், வையுங்கள் என்று தாடிக்காரர் கை காட்டினார். கதவு மூடட்டும் என்று இன்னும் கொஞ்சம் நின்றேன்.

அந்த உயரமான பெண் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பரிசாக ஒரு ரீசேட் சட்டை தந்தார்கள். நான் கிளாஸோடு இறங்கி மகனிடம் போனேன்.

"இந்தா தம்பி, பிடி."

ஒரு கையால் வாங்கினான். கிளாஸ் சாய்ந்து பாதி பியர் அவன் காலில் இருந்த சப்பாத்தில் கொட்டியது.

"மச்சான், உன்னைத்தான் இனித் தனிய விடேலாது!" என்றார் கூட வேலை செய்பவர்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று சொன்னேன்: "தம்பி, நான் பென்டில் ஹில்லுக்குத் திரும்பிப் போறன். வீட்டை விடமாட்டன்."

மகன் மீதிப் பியரை மெல்லக் குடித்து முடித்தான். "சரி. ஆனா விழுந்தா அமத்துற அலாரத்தைக் கழுத்திலை போடவேணும்."

"போடுறன்."

இப்போது கழுத்தில் அது தொங்க, முழங்கால் வரை வரும் அந்த ரீசேட்டோடு, என் குசினியில் இருந்து இதை எழுதுகிறேன். லிட்கம்முக்கு அப்பால் நான் அதிகம் போனதில்லை. நிலையங்களின் வரிசை மாறியிருக்கலாம், ஒன்றிரண்டு விட்டும் போயிருக்கும். அந்த ரயிலில் போகிற யாராவது ஒருக்கால் பார்த்துத் திருத்திவிடுங்கள். வென்றது நான் என்பதை மட்டும் அப்படியே விடுங்கள்.