ஜெபதாஸ் இழந்த ஒரு மணி நேரம்

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போலீஸ்காரரைக் கண்டால் நின்று வேடிக்கை பார்க்கும். ஜெபதாஸின் தோல்பை தெருமுனையில் தெரிந்தால் போதும், வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். அவர் சர்க்கார் சம்பளத்தில் அம்மை குத்துகிறவர். கே.ஜி.கண்டிகையிலிருந்து திருவாலங்காடு வரை அவர் ஊசி படாத கை கிடையாது. என் இடது கையிலும் இரண்டு தழும்பு இருக்கிறது.

நான் அப்போது திருத்தணி தபாலாபீஸில் குமாஸ்தா. அவருடைய கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அது பெருமைப்படும்படியான பங்கு அல்ல. பாதியை நான் கண்ணால் பார்த்தேன், மீதியை அவர் பின்னால் சொன்னார்.

அழுகிற பிள்ளைக்கு ஊசி போட அவர் ஒரு வழி வைத்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "வாழ மரம் மரமே இல்ல, தெரியுமா? அதுல கட்டையே கெடையாது. அது ஒரு பெரிய செடி, அவ்ளோதான்" என்பார். பிள்ளை வாயைப் பிளக்கும். அந்த நேரத்தில் குத்திவிடுவார். தாய்மார்களுக்கு வேறு சரக்கு. "சோழ ராஜாங்க ஒருத்தரும் மொளகாயைக் கண்ணால பாத்ததில்லைங்க. அப்போ நம்ம நாட்டுல மொளகாயே கெடையாது, மொளகுதான்." அந்த அம்மாள் ராஜாவின் ரசத்தை நினைத்து வருத்தப்படுவதற்குள் அவள் கையிலும் வேலை முடிந்திருக்கும்.

தொழிலுக்காகப் பிடித்த வழக்கம் நாளடைவில் ஆளையே பிடித்துக்கொண்டது. சென்னைப் பத்திரிகைகளில் வரும் துணுக்குகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைப்பார். பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்கினால், "இதுக்கு முன்னாடியே லைட்டர் கண்டுபுடிச்சுட்டான்" என்பார். தகர டப்பாவைக் கண்டால், "டப்பா வந்து நாப்பது வருஷம் கழிச்சுதான் அதைத் தொறக்குற கத்தி வந்துச்சு. அதுவரைக்கும் உளியும் சுத்தியும்தான்" என்பார். ஒருநாள் கேட்டால் சிரிப்பார்கள், இரண்டாம் நாள் தலையாட்டுவார்கள், மூன்றாம் நாள் வேலை இருக்கிறது என்பார்கள். ஊசிக்குப் பயந்து ஓடிய ஊர் அவர் பேச்சுக்கும் ஓட ஆரம்பித்தது. நானும் ஓடியவன்தான். அவர் தபாலாபீஸ் படியேறுவதைக் கண்டதும் மணியார்டர் பாரங்களை எண்ணுவதுபோல் குனிந்துகொள்வேன்.

அவருக்கு நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. ஜெயம்மா என்பவள் வீட்டில் தெருப்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தார். ஜெயம்மாவின் புருஷன் வீராசாமி கண்டிகைப் பக்கம் நிலத்தோடு கிடப்பவர், வாரத்தில் நாலு நாள் வீட்டுக்கு வரமாட்டார். ஜெயம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டே ஜெபதாஸ் சொல்வதற்கெல்லாம் "ஆங்... ஆங்..." என்பாள். கேட்கிறாளா, புளியைப் பார்க்கிறாளா என்று அவருக்கே சந்தேகம். ஆனாலும் சொல்லுவார்.

ஒருநாள் டூரிங் டாக்கீஸில் எல்லாரும் கதாநாயகியோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தபோது அவர் பக்கத்து ஆளிடம், "திரையில படம் ஒண்ணு மாறி ஒண்ணு வர்றப்ப நடுவுல மூடி மூடித் தொறக்குறான். நாம பாக்குற நேரத்துல கிட்டத்தட்ட பாதி வெறும் இருட்டுதாங்க" என்றார். அந்த ஆள் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தான். ஜெபதாஸ் வீட்டுக்கு வந்து அதையே நாலு வரியாக எழுதி ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். பெயர், ஊரோடு அது அச்சில் வந்தது.

இரண்டு வாரத்தில் கடப்பையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'ஜெபதாஸ், திருத்தணி' என்று மட்டும் விலாசம். நான்தான் கொடுத்தேன். எழுதியவர் லோயிஸ், அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். "ஐயா, பாதி இருட்டு என்று எழுதியிருந்தீர்கள். நாம் கண் சிமிட்டும் நேரத்தையும் அதில் சேர்த்தீர்களா?" அவ்வளவுதான் கடிதம்.

அதை அவர் எத்தனை தடவை படித்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவரிடம் மேற்கொண்டு கேட்டிருக்கிறார்! பதில் போட்டார். பதிலுக்குப் பதில் வந்தது. மூன்று வருஷம், மாதம் இரண்டு கடிதம். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று அந்த அம்மாள் எழுத, ஒன்றை வைத்துக்கொண்டே மனிதன் படும் பாடு போதாதா என்று இவர் எழுத, இப்படியே போய் ஒருநாள் கல்யாணத்தைப் பற்றியும் எழுதிவிட்டார்.

நாற்பத்தைந்து அக்டோபரில் பதில் வந்தது. அண்ணன் சென்னையில் ஒரு வரன் பார்த்து வைத்திருக்கிறார், வேலையை விட்டுவிட்டு அங்கே போகிறேன். பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் வருகிறேன். ஒன்பது இருபதுக்கு உங்கள் ஊரில் வண்டி ஐந்து நிமிஷம் நிற்கும். நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். கேட்டால் அண்ணனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரும். வராவிட்டால் உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

விதி பாருங்கள், கடிகாரத்தைத் திருப்புகிற நாளும் அதே திங்கட்கிழமைதான். உலக யுத்தத்துக்காக நாட்டு நேரத்தையெல்லாம் ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்களே, அதைப் பழையபடி பின்னால் வைக்கச் சொல்லி உத்தரவு. ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ஜெபதாஸுக்குத் தெரியாமல் இருக்குமா? பதினைந்து நாளாக ஜெயம்மாவிடம் அதே பேச்சு.

"திங்கக்கெழம காலையில முள்ள ஒரு சுத்து பின்னால திருப்பணுங்க. மறந்தா நாடே ஒரு பக்கம், நாம ஒரு பக்கம்."

"ஆங்" என்றாள் ஜெயம்மா.

ஞாயிற்றுக்கிழமை படுக்கப் போகும் முன்பே அவர் தன் டைம்பீஸை ஒரு மணி பின்னால் வைத்துவிட்டார். காலையில் சரியான தூக்கமில்லாமல் எழுந்து கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். அந்த நேரத்தில் காபி வைக்க வந்த ஜெயம்மா டைம்பீஸைப் பார்த்தாள். பாவம், பெண் பார்க்கப் போகிற அவசரத்தில் மனுஷன் மறந்திருப்பார் என்று நினைத்தாள். பெரிய முள்ளை ஒரு சுற்று பின்னால் திருப்பி வைத்துவிட்டு, புருஷனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கண்டிகைக்குப் போய்விட்டாள்.

குளித்து வந்து பார்த்தால் மணி ஐந்தே முக்கால். காத்திருப்பவனுக்குப் பொழுது போகாது என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். வானம் மூடிக்கிடந்தது, சூரியனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. வேட்டியைக் கட்டி, பிரித்து, மறுபடி கட்டினார். என்ன கேட்பது என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். டைம்பீஸில் எட்டு இருபதுக்கு ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. கூட்ஸ் போகிறது என்று நினைத்துக்கொண்டு செருப்பைத் துடைத்தார்.

அரை மணி முன்னதாகவே ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்று புறப்பட்டுப் போனார். பிளாட்பாரத்தில் ஆளில்லை. ஒரு போர்ட்டர் மட்டும் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பாசஞ்சரா? அது போயி அர மணி ஆவுதே. ஒரு டீச்சரம்மா கீழ எறங்கி நின்னுகினு இருந்தாங்க. வண்டி நவுர்ற வரைக்கும் வாசலையே பாத்துகினு இருந்தாங்க. நீங்க அவுங்களுக்கு ஒறவுங்களா?"

ஜெபதாஸ் பெஞ்சில் உட்கார்ந்தார். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். எங்கே தப்பு நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஜெயம்மா ஆசையாக எதிரே வந்தாள்.

"காலைல மணி திருப்ப மறந்துட்டீங்களே! நான்தான் நெனப்பு வச்சுகினு திருப்புனேன். நீங்க சொன்னது ஒண்ணும் நான் மறக்கமாட்டேன். போன காரியம் என்னாச்சுங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷமாக அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "நல்ல வேலை செஞ்சீங்க. அவுங்க வரல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நடந்ததை எழுதி அன்றே கடப்பைக்கு ஒரு கடிதம் போட்டார். அது பத்து நாளில் 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்தது. அதையும் நான்தான் கொடுத்தேன். அண்ணன் வீட்டு விலாசம் அவரிடம் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய், ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரத்தில் சர்ச் வாசல்களில் நின்றார். முகம் தெரியாத ஒருத்தியை எத்தனை முகத்தில் தேடுவது? கடைசியில் அவருக்கு ஒரு வழிதான் தோன்றியது. லோயிஸ் அந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவள். நடந்ததை நாலு வரித் துணுக்காக எழுதித் தன் பெயரோடும் ஊரோடும் அனுப்பினார். படித்தால் அவளுக்குப் புரிந்துவிடும்.

டிசம்பரில் அந்த இதழ் தபாலாபீஸுக்கு வந்தது. ரேப்பரைப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிக் கொடுப்பது என் கெட்ட பழக்கம். அன்று படித்ததில் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்குப் பிடித்த சமாச்சாரம் ஆயிற்றே, இத்தனை நாள் அவரைக் கண்டு குனிந்ததற்கு ஒரு பரிகாரமாக இருக்கட்டும் என்று நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஜெயம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஜெபதாஸ் ஊசிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே உரக்கப் படித்தேன்.

"அமெரிக்காவில் ஒரு கனவான் தம் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்தார். அதையறியாத வேலைக்காரி மேலும் ஒரு மணி பின்னால் வைத்தாள். பலன்: கனவான் ரயிலையும் கோட்டைவிட்டார், காதலியையும் கோட்டைவிட்டார்!"

பெயரும் இல்லை, ஊரும் இல்லை. காகிதப் பஞ்சத்தில் அனுப்பியவர் பெயரை நிறுத்திவிட்டார்கள். திருத்தணியில் நடந்தால் யார் நம்புவார்கள் என்று ஆசிரியர் அதை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார் போலிருக்கிறது. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியுமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஜெயம்மாவும் சிரித்தாள்.

"நல்ல வேலக்காரி! அப்புறம் அந்தத் தொரை அந்தம்மாவத் தேடிகினு போவலியா?"

ஜெபதாஸ் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லியே பழகிய மனிதர்.

"எங்கங்க போறது? அவுங்க அண்ணன் வூட்டு விலாசம் தெரியாதே."

"அண்ணனா?" என்றாள் ஜெயம்மா. "இவரு படிச்சதுல அண்ணனே வர்லியே."

என் சிரிப்பு நின்றுபோயிற்று, ஏன் என்றுகூட எனக்கு முதலில் தெரியவில்லை. ஜெயம்மா ஜன்னல் மேலிருந்த டைம்பீஸைப் பார்த்தாள், அப்புறம் தன் கையைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நானாங்க?" என்றாள்.

"இல்லீங்க" என்றார் ஜெபதாஸ். அவர் சொன்ன சமாச்சாரங்களிலேயே அவள் நம்பாத ஒன்று அதுதான்.