அத்தானின் பதக்கமும் அப்பாவின் சம்மதமும்

அரியமங்கலத்துப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே உரக்கப் பேசிப் பழகியவர் அப்பா. அத்தான் முதன்முதலாக அங்கே வந்த அன்று மட்டும் மெஷினை நிறுத்தினார். அப்போது விழுந்த அமைதி இன்னும் என் நினைவில் இருக்கிறது.

அத்தானுக்கு வையம்பட்டி, நிலக்கடலை பயிரிடும் குடும்பம். ராணுவத்தில் இருந்தார். விடுப்பில் வந்தபோது, தொடைக் காயத்துக்குக் கட்டு மாற்ற என் அக்கா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்துபோனார். காயம் ஆறிய பிறகும் வந்தார் என்று அக்காவின் தோழிகள் கேலி செய்வார்கள்.

எல்லையில் ஒரு பனிமலைச் சண்டையில் பட்ட காயம் அது. குண்டடிபட்டு வெட்டவெளியில் கிடந்த தோழனை, சுடுகிற துப்பாக்கிகளுக்கு நடுவே ஓடிப்போய்த் தோளில் தூக்கி வந்தார். திரும்பும்போது அவர் தொடையில் குண்டு பாய்ந்தது. அப்படியும் தோழனைக் கீழே விடவில்லை. அதற்காக வீரப் பதக்கம் கொடுத்தார்கள். பேப்பரில் படம் வந்தது.

அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அக்கா சொன்னபோது, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அப்பா மிரண்டார். “பதக்கம் வாங்குனவன் அடுத்த தடவையும் மொத ஆளா ஓடுவான். எம் பொண்ணு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?” என்று அம்மாவிடம் கத்தினார். அக்கா அழவில்லை. “நீங்களே அவர்ட்ட கேட்டுக்கங்கப்பா” என்றாள். அதற்காகத்தான் அத்தான் பட்டறைக்கு வந்தார்.

“ஓடுறப்ப என்ன தம்பி நெனச்சீங்க?” என்று கேட்டார் அப்பா.

அத்தான் கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணும் நெனைக்கலைங்க. அவன் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். போயிட்டேன்.”

“மறுபடி யாராச்சும் கூப்பிட்டா?”

“போவேங்க. பொய் சொல்லிப் பொண்ணு கேக்க மாட்டேன்.”

அப்பா எண்ணெய்க் கையைப் பழந்துணியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுப் போகலாம்” என்றார். அப்பா யாரையும் லேசில் சாப்பிடக் கூப்பிடமாட்டார். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு அக்காவிடம் சொல்லப் பறந்தேன்.

ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் தாலி கட்டி முடிந்த நேரம், சிவப்புத் தலைப்பாகையோடு ஒருவர் உள்ளே வந்தார். அத்தான் தூக்கிவந்த அந்தத் தோழன். பஞ்சாபிலிருந்து தன் தாயையும் அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாள் நேராக மேடையேறி, அத்தானின் முகத்தை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஏதோ சொன்னார். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் மண்டபமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அடுத்த நிமிடம் அந்தத் தோழன் தவில் சத்தத்துக்குக் கைகளை உயர்த்தி ஆடத் தொடங்கினார். தவில்காரர் குஷியாகி அடியை மாற்றினார். பட்டுவேட்டியோடு அத்தான் நொண்டி நொண்டி ஆட, துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நடுவில் குதித்தவர் யார் என்று பார்த்தால், அப்பா!

அத்தான் அதன்பிறகும் பலமுறை எல்லைக்குப் போனார். போன ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். ஓய்வுபெற்று இப்போது அக்காவோடு ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். போன மாதம் அந்தத் தோழனின் மகளுக்குப் பஞ்சாபில் கல்யாணம். தள்ளாத வயதில் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். அப்பா கேட்கவில்லை, புது ஸ்வெட்டரை ஜங்ஷனிலேயே போட்டுக்கொண்டு, வெயிலில் வியர்க்க வியர்க்க ரயிலேறினார்.

“இவ்ளோ தூரம் எங்கங்க போறீங்க?” என்று எதிர் சீட்டுப் பெண் கேட்டார்.

“சம்பந்தி வீட்டுக் கல்யாணம்மா” என்றார் அப்பா, பெட்டி முழுக்கக் கேட்கும்படி.